ஜான் கசவெட்டிஸ்: 'எல்லாம் அந்த நேரத்தில் தோன்றியது' என்ற பேச்சை எப்போது விடப்போகிறோம்?

மேடைவெளிச்சம்:

அமெரிக்க நடிகரும் இயக்குநருமான கசவெட்டிஸ் பெயர் எங்கே அடிபட்டாலும் கூடவே 'இம்ப்ரொவைசேஷன்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. நடிகர்களை ஓர் அறைக்குள் விட்டார், கேமராவை ஓடவிட்டார், அவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள், அதுதான் படம் என்று. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பாராட்டில் அந்த மனிதர் உட்கார்ந்து எழுதியது மொத்தமும் காணாமல் போகிறது. நாடகப் பயிற்சி பெற்ற ஒரு நடிகர் இயக்குநரானபோது எதைத் தன்னோடு எடுத்துவந்தார் என்ற கேள்வியையும் யாரும் கேட்பதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காக: 1929இல் நியூயார்க்கில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்ஸில் படித்து 1950இல் வெளியே வந்தார். தொலைக்காட்சியில் நாடகங்கள் நேரலையாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது, நியூயார்க் நடிகர்கள் பலருக்கும் சோறு போட்டது அதுதான், இவரும் அதில் நிறைய நடித்தார். 1957இல் சிட்னி பாய்ட்டியருடன் 'எட்ஜ் ஆஃப் தி சிட்டி' படத்தில் நடித்தார். அதே சமயத்தில் பர்ட் லேனுடன் சேர்ந்து மன்ஹாட்டனில் ஒரு நடிப்புப் பட்டறையும் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே செய்த ஒரு பயிற்சியிலிருந்து முளைத்ததுதான் அவர் இயக்கிய முதல் படம் 'ஷேடோஸ்'. ஜீன் ஷெப்பர்டின் இரவு வானொலி நிகழ்ச்சிக்குப் போய், மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் அதற்கு நீங்கள்தான் பணம் தரவேண்டும் என்று நேயர்களிடமே கேட்டுவிட்டார். ஏறக்குறைய 2,000 டாலர் வந்து சேர்ந்தது.

அந்தப் படத்தின் முடிவில் ஓர் எழுத்து அட்டை வரும், இப்போது நீங்கள் பார்த்தது ஓர் இம்ப்ரொவைசேஷன் என்று. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. 1958இல் ஒரு வடிவம் திரையிடப்பட்டது. அவருக்கே அதில் திருப்தியில்லை. மறுபடி நடிகர்களைக் கூட்டி, இந்த முறை காட்சிகளை எழுதி, படம் பிடித்து, 1959இல் இரண்டாவது வடிவத்தைக் கொண்டுவந்தார். நாம் இன்று பார்ப்பது அதைத்தான். அதில் பெரும்பகுதி எழுதிப் படமாக்கியது, ஆனால் அட்டை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

என் கட்சி இதுதான்: மேடையிலிருந்து அவர் எடுத்துவந்தது வசனத்தைத் தூக்கி எறியும் சுதந்திரத்தை அல்ல. இன்ன நடிகருக்கு என்று பார்த்து எழுதும் பழக்கத்தையும், அந்த நடிகருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கும் பொறுமையையும். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இரவுக்காட்சி:

எனக்கு இருக்கிறது. முதல் வடிவத்தைத் தூக்கிவைத்துப் பேசியவர் சாதாரண ஆள் இல்லை, விமர்சகர் ஜோனஸ் மேகாஸ். அவருடைய பத்திரிகை 'ஃபிலிம் கல்ச்சர்' தன் முதல் சுயாதீனப் பட விருதை அந்த வடிவத்துக்குத்தான் கொடுத்தது. இரண்டாவது வடிவம் வந்தபோது மேகாஸ் வெளிப்படையாக எதிர்த்தார். தன்னெழுச்சி போய்விட்டது, வழக்கமான படமாக மாறிவிட்டது என்பது அவர் வாதம். ஆக, எழுத்து உள்ளே வந்ததும் ஏதோ ஒன்று வெளியே போயிருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே உணர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அதை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியுமா?

மேடைவெளிச்சம்:

தள்ளவில்லை. ஆனால் இரண்டாவது வடிவத்தில் டோனி என்ற வெள்ளைக்கார இளைஞன் லீலியாவின் வீட்டில் நிற்கும் காட்சியைப் பாருங்கள். முந்தைய இரவை அவளோடு கழித்தவன், காதலித்துக்கொண்டிருப்பவன். கதவு திறக்கிறது, அவள் அண்ணன் ஹியூ உள்ளே வருகிறான். ஹியூ கறுப்பினத்தவன் என்பது பார்த்ததும் தெரியும். லீலியாவைப் பார்த்தால் அப்படித் தெரியாது. டோனியின் முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லாமல் போகிறது, அப்புறம் அவசரமாக ஏதோ சாக்குச் சொல்லிக் கிளம்பப் பார்க்கிறான். அண்ணனுக்கு அந்த ஒரு கணமே போதும். யாரும் இனம் பற்றி ஒரு பிரசங்கம்கூடச் செய்வதில்லை. யார் எப்போது உள்ளே வரவேண்டும், யாருடைய முகம் அப்போது எங்கே இருக்கவேண்டும் என்று யோசித்த ஒருவரால்தான் இப்படிச் செய்ய முடியும். நாடகம் தெரிந்தவர்களுக்கு இது புரியும், ஒரு கதாபாத்திரம் எந்த நொடியில் மேடைக்குள் நுழைகிறது என்பதில் பாதி நாடகம் இருக்கிறது.

ஒத்திகை அறை:

நான் சில வருடங்கள் ஒரு சிறிய நாடகக் குழுவில் நடித்தவள். இந்த 'இம்ப்ரொவைசேஷன்' குழப்பத்துக்குக் காரணம், ஒத்திகையில் செய்வதையும் அரங்கேற்றத்தில் செய்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் என்று நினைக்கிறேன்.

ஒத்திகையில் இயக்குநர், 'எழுதியதை விடு, இந்தச் சூழ்நிலையில் நீ என்ன சொல்வாய் என்று பேசிப் பார்' என்பார். நாங்கள் பேசுவோம். பத்தில் ஒன்பது வெறும் வளவளப்பு. ஒன்றில் ஏதோ ஒரு சொல், ஒரு தயக்கம், ஒரு சிரிப்பு சரியாக விழும். மறுநாள் அது எழுத்துப் பிரதிக்குள் வந்திருக்கும். அதற்குப் பிறகு அதை அப்படியே சொல்லவேண்டும், ஆனால் இப்போதுதான் தோன்றியது போலச் சொல்லவேண்டும். அந்தக் கடைசிப் பகுதிதான் நடிப்பிலேயே கடினமான வேலை. கசவெட்டிஸ் படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது அந்த உழைப்புதான். ஒருவர் வாக்கியத்தை மற்றவர் குறுக்கே வெட்டுவது, சிரிப்பு தப்பான இடத்தில் வருவது, சொல்லவந்ததை மறந்து நிற்பது, இதெல்லாம் எழுதி வைத்தும் வரும். எழுதியவருக்கு நடிகர்களின் மூச்சு தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்றால் இடத்தைத்தான். சினிமாவில் தரையில் டேப் ஒட்டி, இங்கே வந்து நில், இந்த வெளிச்சத்துக்குள் முகம் இருக்கவேண்டும் என்பார்கள். அந்தக் குறி தப்பினால் ஃபோகஸ் போய்விடும், மறுபடி எடுக்கவேண்டும். மேடையில் வளர்ந்த நடிகருக்கு இது பெரிய தண்டனை, ஏனென்றால் மனம் ஒரு பக்கம் போகும்போது கால் டேப்பைத் தேடிக்கொண்டிருக்கும். இவர் அதைத் தலைகீழாக்கினார். அறை முழுக்க ஓரளவுக்குப் பொதுவாக வெளிச்சம் போட்டுவிட்டு, நடிகர் எங்கே போனாலும் கேமரா துரத்திப் பிடிக்கட்டும் என்று விட்டார். அதனால்தான் 'ஃபேசஸ்' படத்தில் அவ்வப்போது ஃபோகஸ் போய்த் திரும்பி வருகிறது, தலைகள் சட்டகத்தை மறைக்கின்றன. பார்ப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு, வசனமும் இப்படித்தான் அங்கங்கே தோன்றியிருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நாலாம் வரிசை:

'ஒத்திகை அறை' சொன்னதோடு ஒரு தகவலைச் சேர்க்கிறேன். 'ஃபேசஸ்' படத்துக்கு மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. சீமோர் கேசலுக்கும் லின் கார்லினுக்கும் துணை நடிப்புக்காக. மூன்றாவது எதற்குத் தெரியுமா? அசல் திரைக்கதைக்கு. இம்ப்ரொவைசேஷன் மன்னன் என்று உலகமே சொல்லும் ஆளுக்கு எழுத்துக்காகப் பரிந்துரை! அதில் நடித்த ஜான் மார்லிக்கு 1968 வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது.

காசுக்கணக்கு:

கலை பற்றி நன்றாகப் பேசுகிறீர்கள். எனக்கு எப்போதும் ஆர்வம் காசு எங்கிருந்து வந்தது என்பதில்தான், ஏனென்றால் சுயாதீனம் என்பதன் அர்த்தமே அதில்தான் இருக்கிறது.

'ஷேடோஸ்' முடிந்த கையோடு 'ஜானி ஸ்டாக்காட்டோ' என்ற தொலைக்காட்சித் தொடரில் துப்பறிவாளராக நடித்தார், ஒரே ஒரு சீசன். அந்தப் பணம் 'ஷேடோஸ்' கடனை அடைக்க உதவியது. அப்புறம் ஹாலிவுட் கூப்பிட்டது. பாராமவுண்டுக்கு 'டூ லேட் ப்ளூஸ்', ஸ்டான்லி கிராமர் தயாரிப்பில் 'எ சைல்ட் இஸ் வெயிட்டிங்'. இரண்டாவது படத்தில் பர்ட் லங்காஸ்டர், ஜூடி கார்லண்ட் என்று பெரிய நட்சத்திரங்கள். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பள்ளி பற்றிய கதை, உண்மையாகவே அப்படிப்பட்ட குழந்தைகள் நடித்தார்கள். படத்தொகுப்பில் கிராமர் கைவைத்தார், இருவருக்கும் பெரிய சண்டை, படம் கசவெட்டிஸ் கையை விட்டுப் போனது. 1963இல் வெளியான அந்தப் படத்துக்குப் பிறகு அவருக்கு ஸ்டுடியோ கதவுகள் பல வருடங்கள் திறக்கவில்லை.

அடுத்து என்ன செய்தார்? நடிகராக மறுபடி கூலிக்குப் போனார். டான் சீகலின் 'தி கில்லர்ஸ்' 1964, 'தி டர்ட்டி டஜன்' 1967, 'ரோஸ்மேரீஸ் பேபி' 1968. 'டர்ட்டி டஜன்' படத்துக்குத் துணை நடிகர் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. சம்பாதித்ததெல்லாம் 'ஃபேசஸ்' படத்துக்குள் போயிற்று. 1965இல் தன் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் வைத்து 16 எம்எம்மில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம், படத்தொகுப்பு முடிந்து திரைக்கு வர 1968 ஆகிவிட்டது.

அதாவது, ஒரு கையால் ஸ்டுடியோவிடம் சம்பளம் வாங்கி மறு கையால் ஸ்டுடியோ ஒருபோதும் எடுக்காத படத்தை எடுத்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடிப்பு என்ற கைத்தொழில் அவரிடம் இல்லாமல் இருந்திருந்தால் 'எ சைல்ட் இஸ் வெயிட்டிங்' படத்தோடு கதை முடிந்திருக்கும். மேடைப் பயிற்சி அவருக்கு முதலில் கொடுத்தது அழகியலை அல்ல, பிழைப்பை.

மேடைவெளிச்சம்:

இது முக்கியமான விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிழைப்பும் அழகியலும் அவரிடம் அவ்வளவு பிரிந்து கிடக்கவில்லை. பிறர் படத்தில் நடிக்கப் போகும்போதெல்லாம், ஒரு நடிகன் எந்த இடத்தில் மூச்சுமுட்டுகிறான் என்பதை அவர் உள்ளேயிருந்து பார்த்தார். 'ரோஸ்மேரீஸ் பேபி' இயக்குநர் போலன்ஸ்கியோடு படப்பிடிப்பில் அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்த கதைதானே. ஒருவர் ஒவ்வொரு சட்டகத்தையும் துல்லியமாகத் திட்டமிடுபவர், இன்னொருவர் நடிகர் காலடி எங்கே விழுமோ அதற்குக் காத்திருப்பவர். இரண்டு முறையிலும் நல்ல படம் வரும். 'ரோஸ்மேரீஸ் பேபி' நல்ல படம்தான், அதில் அவர் நடிப்பும் எனக்குப் பிடிக்கும்.

முரண்பாடு:

எல்லோரும் ஒரே ராகத்தில் பாடுவதால் என் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். 'ஹஸ்பண்ட்ஸ்' படத்தை முழுதாகப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. ஒரு நண்பன் செத்துப்போனான், மிச்சமிருக்கும் மூன்று பேர் குடிக்கிறார்கள், கத்துகிறார்கள், லண்டன் போகிறார்கள், அங்கேயும் கத்துகிறார்கள். மதுக்கடைக் காட்சி ஒன்று வரும், மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பாடச் சொல்லி, ஒரு பெண்ணை மட்டும் திரும்பத் திரும்பப் பாடவைத்து, உண்மையாகப் பாடவில்லை என்று மூன்று ஆண்களும் சேர்ந்து அவமானப்படுத்துவார்கள். அது எவ்வளவு நேரம் நீள்கிறது! பாலின் கேல் போன்ற விமர்சகர்கள் அந்தப் படத்தைக் கடுமையாகத் திட்டினார்கள், எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. நடிகர்களுக்கு நேரம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் பார்வையாளருடைய நேரம் யாருடையது? நடிகரே இயக்குநராக இருக்கும்போது எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்ற கண் போய்விடுகிறது, சக நடிகரின் ஒவ்வொரு அசைவும் பொக்கிஷமாகத் தெரிகிறது.

ஒத்திகை அறை:

அந்தப் பாட்டுக் காட்சி பார்க்கக் கஷ்டமானதுதான், மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நீளம் தேவை என்றுதான் நினைக்கிறேன். ஒரு நிமிடத்தில் முடித்திருந்தால் மூன்று நண்பர்களின் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போயிருப்போம். நீள நீளத்தான் அது கொடுமை என்று உறைக்கிறது. அவர்கள் அந்தப் பெண்ணிடம் கேட்கும் 'உண்மை' அவர்களிடம் துளியும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிகிறது. படம் அவர்கள் பக்கம் நிற்கிறதா இல்லையா என்று உங்களுக்குச் சந்தேகம் வருகிறது பாருங்கள், அந்தச் சந்தேகத்தைப் படம் தீர்த்துவைப்பதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காததும் நியாயமே.

முரண்பாடு:

படம் தீர்த்துவைப்பதில்லை என்பதை எல்லா நேரமும் பலமாக எடுத்துக்கொள்ள முடியாது. சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. ஆனால் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இவ்வளவுக்கும் அது 'ஹஸ்பண்ட்ஸை' விட நீளம்.

நாலாம் வரிசை:

அதற்குத்தான் வருவோம் என்று காத்திருந்தேன். இந்த இழையில் இவ்வளவு நேரமாக ஜீனா ரோலண்ட்ஸ் பெயர் வரவில்லையே! அவரும் அதே அகாடமியில் படித்தவர், 1954இல் கசவெட்டிஸுடன் திருமணம். 1956இல் பிராட்வேயில் எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு ஜோடியாக 'மிடில் ஆஃப் தி நைட்' நாடகத்தில் நடித்துப் பெயர் வாங்கியவர். மேடையைப் பொறுத்தவரை கணவரைவிடப் பெரிய கை.

'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' முதலில் நாடகமாகத்தான் எழுதப்பட்டது. ஜீனாவுக்காக எழுதினார். படித்துப் பார்த்துவிட்டு அவர், இதை வாரத்துக்கு எட்டுக் காட்சி மேடையில் செய்தால் நான் தாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் அது படமாயிற்று. இந்த ஒரு விஷயமே 'மேடைவெளிச்சம்' சொல்வதற்குப் போதுமான ஆதாரம். ஒரு நடிகையின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கில் நாடகமா சினிமாவா என்று முடிவாகியிருக்கிறது.

அந்த ஸ்பகெட்டிக் காட்சியைக் கொஞ்சம் பேசலாமா? மேபலின் (ஜீனா) கணவன் நிக் இரவு முழுக்கத் தண்ணீர்க் குழாய் உடைப்பில் வேலை பார்த்துவிட்டு, விடியும்போது சக தொழிலாளிகள் மொத்தப் பேரையும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறான். மேபல் அத்தனை பேருக்கும் சமைக்கிறாள். அவர்கள் படுக்கும் அறைதான் சாப்பாட்டு அறையும், கட்டிலை மடித்துவிட்டு அங்கேதான் நீளமாக மேசை போடுகிறார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு வருகிறாள். ஒருவர் இத்தாலிய ஓபராவிலிருந்து பாடுகிறார், அவள் அவர் முகத்துக்கு வெகு அருகே போய், குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது போலப் பார்க்கிறாள். எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் இன்னொருவரை நடனமாடக் கூப்பிடுகிறாள். அவர் கூச்சப்படுகிறார், அவள் விடுவதில்லை, நிக் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே கத்தாகக் கத்தி அவளை உட்காரச் சொல்கிறான். மேசையில் யாருக்கும் வாயில் சோறு இறங்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள்.

எந்த நொடியில் அவள் எல்லையைத் தாண்டினாள்? எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. பாடியவரின் முகத்தைப் பார்த்தபோது அது அன்பு, நடனமாடக் கூப்பிட்டபோது அது பைத்தியம் என்று யார் தீர்மானித்தார்கள்? அந்த மேசையில் இருக்கும் பத்துப் பேருடைய முகங்களும்தான் தீர்மானிக்கின்றன. மேடையில் ஒரு கூட்டத்தை உட்காரவைத்து இயக்கத் தெரிந்தவர் செய்த வேலை அது.

இரவுக்காட்சி:

அருமையாகச் சொன்னீர்கள். அந்தப் படத்தில் நிக்கின் அம்மாவாக வருபவர் கசவெட்டிஸின் சொந்தத் தாய். மேபலின் அம்மாவாக வருபவர் ஜீனாவின் சொந்தத் தாய். ஒரு காலத்து நாடகக் கம்பெனி மாதிரி குடும்பமே மேடையேறியிருக்கிறது.

காசுக்கணக்கு:

அந்தப் படத்துக்கும் பணக்கதை இருக்கிறது. ஸ்டுடியோக்கள் எதுவும் தொடவில்லை. வீட்டை அடமானம் வைத்தார். நிக்காக நடித்த பீட்டர் ஃபால்க் 'கொலம்போ' தொடரில் சம்பாதித்ததிலிருந்து 5 லட்சம் டாலர் போட்டார் என்று சொல்கிறார்கள். கசவெட்டிஸ் அப்போது அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் வருகைக் கலைஞராக இருந்தார், படக்குழுவில் பலர் அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்.

எடுத்து முடித்தால் விநியோகிக்க ஆள் இல்லை. அதனால் தாங்களே விநியோகித்தார்கள். தியேட்டர்காரர்களுக்கு நேரடியாகப் போன் போட்டுப் பேசினார்கள், கல்லூரிகளுக்குப் படத்தைக் கொண்டுபோனார்கள். 1974 நியூயார்க் திரைப்பட விழாவில் காட்டிய பிறகு நிலைமை மாறியது. சிறந்த நடிகை, சிறந்த இயக்குநர் என்று இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள். விருது ஒன்று எலன் பர்ஸ்டினுக்கும் மற்றது கொப்போலாவுக்கும் போயிற்று. போகட்டும். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் ஓர் இயக்குநர் அந்தப் பட்டியலுக்குள் போய் நின்றாரே, அதுதான் விஷயம்.

ஆனால் அதே முறை அடுத்த முறை காலை வாரியது. 1976இல் 'தி கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி' தியேட்டரில் நிற்கவில்லை. 'ஓப்பனிங் நைட்' அமெரிக்காவில் ஒழுங்காக வெளியாகவே இல்லை, அவர் இறந்த பிறகுதான் முறையான வெளியீடு கண்டது. இத்தனைக்கும் 1978 பெர்லினில் ஜீனாவுக்குச் சிறந்த நடிகை விருது வாங்கிக் கொடுத்த படம் அது. நல்ல படம் எப்படியும் மக்களைப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் இந்தப் படத்தின் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஒத்திகை அறை:

'ஓப்பனிங் நைட்' பற்றி நான் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மர்ட்டில் கோர்டன் (ஜீனா) என்ற மேடை நடிகை. புதிய நாடகம் ஒன்று நியூயார்க் போவதற்கு முன் நியூ ஹேவனில் முன்னோட்டமாக ஓடுகிறது. வயதாகிக்கொண்டிருக்கும் பெண்ணின் கதை. மர்ட்டிலுக்கு அந்தப் பாத்திரம் பிடிக்கவில்லை. அதை நன்றாக நடித்துவிட்டால் இனிமேல் தன்னை எல்லோரும் அந்த வயதில்தான் பார்ப்பார்கள் என்ற பயம். நாடகத்தில் அவள் கன்னத்தில் ஓர் அறை வாங்கவேண்டும். ஒத்திகையில் அறை விழும் நேரம் வரும்போதெல்லாம் அவள் தரையில் விழுந்துவிடுகிறாள், அழுகிறாள், மறுக்கிறாள். இயக்குநர் (பென் கசாரா) இது காலங்காலமாக நடப்பதுதான், நடிகைகள் அறை வாங்குவது மரபு என்கிற ரீதியில் சமாதானம் சொல்கிறார். அறையவேண்டிய சக நடிகராக வருபவர் யார்? கசவெட்டிஸே.

நாடகக் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரி ஒரு விஷயம் வந்தால் குழு முழுக்க நடிகைக்கு எதிராகத் திரும்பிவிடும். எழுதியவர் தன் எழுத்தைக் காப்பாற்றப் பார்ப்பார், இயக்குநர் தேதியைக் காப்பாற்றப் பார்ப்பார், தயாரிப்பாளர் விற்ற டிக்கெட்டைக் காப்பாற்றப் பார்ப்பார். அவளைத் தவிர அவள் பாத்திரத்தைப் பற்றிக் கவலைப்பட யாருமில்லை. ஜோன் பிளாண்டல் அந்த நாடகாசிரியையாக வந்து, அன்பாகவும் இரக்கமில்லாமலும் ஒரே சமயத்தில் பேசுவதைப் பாருங்கள்.

கடைசியில் அரங்கேற்ற இரவு அவள் நிற்க முடியாத அளவு குடித்துவிட்டு வருகிறாள். தள்ளாடித் தள்ளாடி மேடையேறுகிறாள். இறுதிக் காட்சியில் எழுதிய நாடகத்தை விட்டுவிட்டு அவளும் கசவெட்டிஸும் மேடையில் என்னென்னவோ பேசி விளையாடுகிறார்கள், அரங்கம் சிரிக்கிறது. அந்தக் காட்சிகளை நிஜமான பார்வையாளர்களை அரங்கில் உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள். இம்ப்ரொவைசேஷனைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் படம். எழுத்தை மீறினால் நடிகை தப்பிக்கிறாள் என்பதையும் காட்டுகிறார். ஆனால் அந்தச் சிரிப்பில் நாடகாசிரியை எழுதிய வலி எங்கே போயிற்று என்ற கேள்வியையும் அப்படியே விடுகிறார். ஒரேயடியாகக் கொண்டாடுபவர் இப்படி எடுத்திருக்கமாட்டார்.

முரண்பாடு:

இதைப் படித்ததும் 'ஓப்பனிங் நைட்' பார்க்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. நன்றி. கடைசிக் காலத்தில் மேடைக்குத் திரும்பினார் என்று எங்கோ படித்தேன், உண்மையா?

மேடைவெளிச்சம்:

உண்மைதான். இழையைத் தொடங்கும்போதே இதற்கு வரவேண்டும் என்று நினைத்தேன். 1980இல் கொலம்பியாவுக்காக 'குளோரியா' எடுத்தார், வெனிஸில் தங்கச் சிங்கம், லூயி மாலின் படத்தோடு பகிர்ந்துகொண்டது. அதற்கு அடுத்த வருடம் யாராக இருந்தாலும் அந்த வேகத்தில் அடுத்த ஸ்டுடியோ படத்துக்குப் போயிருப்பார்கள். இவர் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன அரங்கத்தில் மூன்று நாடகங்களைச் சேர்த்து அரங்கேற்றினார். அதில் ஒன்று டெட் ஆலனின் 'லவ் ஸ்ட்ரீம்ஸ்'. மேடையில் அண்ணன் வேடம் ஜான் வாய்ட். படமாக எடுக்கும்போது வாய்ட் விலகிவிட, கசவெட்டிஸே அந்த வேடத்தில் நடித்தார், ஜீனா தங்கை. கணவனும் மனைவியும் அண்ணன் தங்கையாக. அவர்கள் வாழ்ந்த வீட்டில்தான் பெரும்பகுதியை எடுத்தார்கள். தங்கை அண்ணன் வீட்டுக்குக் குள்ளக் குதிரைகள், ஆடு, கோழி என்று ஒரு பட்டாளத்தையே ஓட்டி வருவாள், அண்ணனுக்கு அன்பு செலுத்த ஏதாவது ஓர் உயிர் வேண்டும் என்பதற்காக. சொன்னால் சிரிப்பாக இருக்கும், படத்தில் பார்த்தால் நெஞ்சை அடைக்கும். 1984 பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது.

அப்போதே உடல்நிலை மோசம். 1987இல் மறுபடி ஒரு நாடகம் எழுதி இயக்கினார், 'எ வுமன் ஆஃப் மிஸ்டரி', அதிலும் ஜீனாதான். 1989 பிப்ரவரியில் கல்லீரல் நோயால் இறந்தபோது வயது 59.

ஸ்டுடியோ வேலை கையில் இருந்தபோதும் உடம்பு ஒத்துழைக்காதபோதும் அவர் தேடிப் போனது ஒத்திகை அறையைத்தான். அதனால்தான் சொல்கிறேன், சினிமாவுக்குப் போக ஏணியாக நாடகத்தைப் பயன்படுத்தியவர் இல்லை இவர்.

நாலாம் வரிசை:

அவர் பெயரில் இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் ஒரு விருது இருக்கிறது, குறைந்த செலவில் எடுக்கப்படும் படங்களுக்கு. பிள்ளைகள் மூவருமே, நிக், அலெக்ஸாண்ட்ரா, ஸோயி, இயக்குநர்களானார்கள். மகன் நிக் இயக்கிய 'தி நோட்புக்' படத்தில் ஜீனா நடித்ததைத்தான் இன்றைய தலைமுறை அதிகம் பார்த்திருக்கும். ஜீனா 2024 ஆகஸ்டில் காலமானார். அவரைப் பற்றித் தனி இழை ஒன்று கட்டாயம் வேண்டும், யாராவது தொடங்குங்கள்.

புதுவரவு:

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தவன், இன்றுதான் எழுதுகிறேன். இவர் படம் எதையும் பார்த்ததில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது? 'சைனீஸ் புக்கி' இரண்டு வடிவங்களாக இருக்கிறதே, எதைப் பார்ப்பது?

காசுக்கணக்கு:

கதையோட்டம் வேண்டும் என்றால் 'குளோரியா'விலிருந்து தொடங்குங்கள், வழக்கமான கதைப் படங்களுக்குப் பழகியவர்களுக்கு அது அவருடைய எளிதான படம். ஆனால் அவர் யார் என்று தெரியவேண்டுமானால் நேராக 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்'.

இரவுக்காட்சி:

'புக்கி'யில் 1976 வடிவம் இரண்டேகால் மணி நேரம், 1978இல் அவரே மறுபடி வெட்டிய வடிவம் 108 நிமிடம். காட்சிகளின் வரிசையும் மாறியிருக்கும், சுருக்கியதில் முன்பு இல்லாத சில பகுதிகளும் உண்டு. முதல் முறை பார்ப்பவருக்கு 1978தான் நல்லது, கதை பிடிபடும். நாயகன் காஸ்மோவின் அந்த ஓட்டை இரவு விடுதி மேலும் அங்கே ஆடும் பெண்கள் மேலும் உங்களுக்கு ஒட்டுதல் வந்துவிட்டால் அப்புறம் 1976க்குப் போங்கள், அதில் அவர்களுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது.

ஒத்திகை அறை:

'ஃபேசஸ்' படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியாக, நடுவில் நிறுத்தாமல் பாருங்கள். முதல் அரைமணி நேரம் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கேயே எழுதுங்கள்.